நரம்பின் ஆணையும் நாளத்தின் விடையும்

இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரின் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், 1733-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், ஒரு குதிரையைக் கிடத்திக் கட்டி, அதன் தொடைத் தமனியில் ஒரு சிறு குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழலொன்றை இணைத்து நிறுத்தியபோது, இரத்தம் இருதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்று துடிப்புக்குத் துடிப்பு எழுந்தும் தாழ்ந்தும் அசைந்தது என்று எழுதியிருக்கிறார். உயிருள்ள சரீரத்தில் இரத்தத்தின் அழுத்தத்தை மனிதன் கண்ணால் கண்டு அளந்த வரலாறு அங்கே தொடங்குகிறது. அந்தக் குதிரை பெண்குதிரை என்பதையும், அதன் வயதையும் உயரத்தையும் அவர் மறவாமல் குறித்து வைத்தார். அளவோடு அளக்கப்பட்ட பிராணியின் இயல்பையும் சேர்த்தெழுதிய அந்த நல்ல வழக்கம், பின்வந்த வைத்திய சாஸ்திரத்தில் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

1896-இல் இத்தாலியில் ரிவா-ரோச்சி புஜத்தில் சுற்றும் காற்றுப் பட்டையைச் செய்து தந்தார். 1905-இல் ருஷ்யாவில் கொரோட்கோவ் அந்தப் பட்டைக்குக் கீழே குழலை வைத்து ஒலி கேட்கும் முறையைக் கண்டார். அது முதல், குழாய் செருகாமல், வலியில்லாமல், இரண்டு நிமிஷத்தில் யாருடைய அழுத்தத்தையும் அறிந்து கொள்ளலாம் என்றாயிற்று. அறிவது எளிதானதும் அழுத்தம் ஒரு ஜோடி எண்ணாகச் சுருங்கியது. 120-க்கு 80 என்று சீட்டில் எழுதினால், அது இருபத்தைந்து வயதுப் பெண்ணுடையதா, அதே பிராயத்து ஆணுடையதா என்று அந்த எண்ணைப் பார்த்து ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணை நிலைநிறுத்துவதற்குச் சரீரம் உள்ளே நடத்தும் ஏற்பாடு இருவருக்கும் ஒன்றுதானா? கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் இதைப் பற்றி நிகழ்ந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்க்கும்போது, ஒன்றல்ல என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. இளம் பிராயத்தில் பெண்ணின் சரீரம் தனக்கென ஒரு வழியால் அந்த அளவை அடைகிறது என்பதும், நடுவயதில் அந்த வழி அடைபட்டுப் போகிறது என்பதுமே இந்தக் கட்டுரையில் நான் விரித்துச் சொல்ல விரும்பும் விஷயம்.

இரத்த அழுத்தம் என்பது இரண்டு ராசிகளின் பெருக்கம். நிமிஷத்துக்கு இருதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு ஒன்று. அந்த இரத்தம் புகுந்து செல்ல வேண்டிய சிறு தமனிகள் காட்டும் தடை மற்றொன்று. குழாயின் விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும் என்பது பௌதிக நியதி. ஆகையால் சிறு தமனிகளின் சுவரிலுள்ள தசை இம்மியளவு இறுகினாலும் அழுத்தத்தில் அதன் விளைவு பெரிதாகத் தெரியும். அந்தத் தசையை இறுக்கும் அதிகாரம் பரிவு நரம்புகளுக்கு உரியது. பரிவு என்ற சொல் இங்கே இரக்கத்தைக் குறிப்பதன்று. உறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்து அனுபவிக்கின்றன என்ற பழைய கிரேக்கக் கருத்திலிருந்து வந்த பெயரின் தமிழாக்கம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் நகரத்துக் கிளாட் பெர்னார், முயலின் கழுத்தில் ஓடும் பரிவு நரம்பை அறுத்ததும் அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடேறியதைக் கண்டார். நரம்பின் பிடி தளர்ந்ததும் நாளங்கள் விரிந்துவிட்டன. 1866-இல் லுட்விக், சியோன் என்ற இருவர் அதே முயலினத்தில், பெருந்தமனியிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்பொன்றைத் தூண்டினால் அழுத்தம் தாழ்வதைக் காட்டினார்கள். கழுத்துத் தமனி கிளைக்கும் இடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நுனிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு அறிவிக்கின்றன. முகுளம் பரிவு நரம்புகளை அடக்கி, இருதயத்தைச் சாந்தப்படுத்தும் வேகஸ் நரம்பை ஊக்குகிறது. அழுத்தம் விழுந்தால் இதற்கு நேர்மாறாகச் செய்கிறது. பரிவு நரம்பு தன் நுனியில் நாளத்தின் தசைக்குக் கொடுக்கும் இரசாயனப் பொருள் நோரட்ரினலின் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த ஊல்ஃப் ஃபான் ஆய்லர் 1946-இல் நிறுவினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்த அமைப்பு பொதுவானது. பேதமெல்லாம், இந்த வட்டத்தின் எந்த இடத்தில் எவ்வளவு வலிமை வைக்கப்பட்டிருக்கிறது என்பதிலேயே இருக்கிறது.

வெளியே தெரியும் அடையாளத்திலிருந்து தொடங்குவோம். குழந்தைப் பருவத்தில் ஆண் பெண் இருபாலாருக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. பருவமடையும் காலத்தில் பையன்களின் அழுத்தம் பெண்களுடையதைவிட உயர்ந்து பிரிகிறது. வாலிபத்திலும் நடுவயதின் தொடக்கத்திலும் அந்த இடைவெளி நீடிக்கிறது. ஐம்பதைத் தாண்டியதும் குறுகி, அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில் தலைகீழாகி, முதுமையில் உயர் இரத்த அழுத்தம் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. 2020-இல் அமெரிக்காவில் நான்கு சமூகத் தொடராய்வுகளின் பதிவுகளை ஒன்றாக்கி, 5 வயது முதல் 98 வயது வரையுள்ள 32,833 பேரின் அளவுகளைப் பார்த்தவர்கள் இன்னொரு நுட்பத்தையும் எடுத்துக் காட்டினார்கள்: பெண்கள் தாழ்ந்த படியிலிருந்து தொடங்கினாலும், இருபதுகளிலிருந்தே அவர்களுடைய ஏற்றம் ஆண்களுடையதைவிடச் செங்குத்தாக இருக்கிறது. நம் வீடுகளில் ஐம்பது வயதுத் தாய்க்கு அழுத்தம் ஏறினால், பிள்ளைகளை நினைத்துக் கவலைப்பட்டுப் பிரஷரை வரவழைத்துக் கொண்டாள் என்று சொல்லிவிடுவது வழக்கம். இரத்தக் கொதிப்பு என்று தமிழில் வழங்கிவரும் பெயரும் கோபதாபங்களையே நினைவூட்டுகிறது. அந்தத் தாயின் நாளங்களில் பல ஆண்டுகளாக நடந்துவந்த மாறுதலை அவளுடைய மனக்குறையாகக் கணக்கெழுதுவது நியாயமன்று என்பதை மேலே வரும் செய்திகள் காட்டும்.

இந்த மாறுதலை வைத்தியர்கள் ஏன் இவ்வளவு தாமதமாகக் கவனித்தார்கள் என்பதற்குக் காரணம் தேடினால், ஆராய்ச்சிக்கு யாரைத் தேர்ந்துகொண்டார்கள் என்ற கேள்வியில் வந்து நிற்போம். உயர் அழுத்தத்தை ஔஷதத்தால் தாழ்த்தினால் உயிர் காக்கப்படும் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைநாட்டியது, அமெரிக்கப் போர்வீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃபிரைஸ் என்பவர் தலைமையில் நடந்த பரிசோதனை. 1967-இல் வெளியான அதன் முதல் பகுதியில் 143 பேரும், 1970-இல் வெளியான இரண்டாம் பகுதியில் 380 பேரும் இருந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். பிற்பாடு நடந்த பல காரணித் தடுப்புப் பரிசோதனை 12,866 பேரைச் சேர்த்துக் கொண்டது; அவர்களிலும் ஒரு பெண் இல்லை. 1977-இல் அமெரிக்க மருந்துக் கண்காணிப்பு அலுவலகம், பிள்ளை பெறும் பிராயத்திலுள்ள பெண்களைப் புதிய மருந்துகளின் தொடக்கப் பரிசோதனைகளிலிருந்து விலக்கி வைக்கும்படி நெறிமுறை வகுத்தது. தாலிடோமைடு மருந்தால் ஊனமுற்றுப் பிறந்த குழந்தைகளின் நினைவு அப்போது எல்லார் மனத்திலும் ஆறாமல் இருந்தது. 1993-இல்தான் அந்த விலக்கு நீங்கியது. விலங்குக் கூடங்களிலும், பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கொருமுறை சுரப்புநீர் மாறுவதால் அளவுகள் தாறுமாறாகும் என்று கருதி ஆண் எலிகளையே கையாண்டார்கள். இவற்றில் எதுவும் கெட்ட எண்ணத்தால் நடந்ததென்று நான் கருதவில்லை; போர்வீரர் மருத்துவமனையில் ஆண்களே இருந்தார்கள், கர்ப்பத்தைக் காக்க நினைத்ததும் நல்லெண்ணமே. ஆயினும் காரணம் எவ்வளவு நல்லதாயினும் பலன் ஒன்றே: மனித சரீரத்தின் நியதி என்று பாடநூல்களில் எழுதப்பட்டது பெரும்பாலும் ஆண் சரீரத்தின் நியதியாயிற்று. 1948-இல் தொடங்கிய ஃபிரேமிங்ஹாம் தொடராய்வு இதற்குப் பெரிய விலக்கு. அதில் சேர்ந்த 5,209 பேரில் 2,873 பேர் பெண்கள்.

நரம்பு என்ன சொல்கிறது என்பதை விழித்திருக்கும் மனிதனிடமே கேட்டறியும் வழி ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரில் பிறந்தது. 1960-களின் நடுவில் கார்ல்-எரிக் ஹாக்பார்த், ஓகே வால்போ என்ற இரு வைத்தியர்கள், டங்ஸ்டன் உலோகத்தாலான, நுனி மயிரிழையைவிட மெல்லியதான ஊசியைத் தோலின் வழியே நேராக நரம்புக்குள் செலுத்தி, அதிலோடும் மின்துடிப்புகளைப் பதிவு செய்யலாம் என்று கண்டார்கள். பிறருக்குச் செய்யுமுன் தங்கள் நரம்புகளிலேயே அதைச் செய்து பார்த்தார்கள். முழங்காலின் வெளிப்புறத்தில், எலும்பின் தலையை ஒட்டி ஓடும் நரம்பே இதற்கு வாகான இடம். ஊசியின் நுனி, தசையின் நாளங்களுக்குச் செல்லும் பரிவு நார்களின் கட்டுக்குள் சரியாகப் போய் அமர்ந்துவிட்டால், கருவியின் ஒலிபெருக்கியில் அலையடிப்பது போன்ற ஓசை விட்டுவிட்டுக் கேட்கும். ஒவ்வொரு வெடிப்பும் இருதயத் துடிப்போடு தாளம் தப்பாமல் வரும். அழுத்தம் சற்றே தாழ்ந்த துடிப்பை அடுத்து ஓசை எழும், அழுத்தம் உயர்ந்தால் அடங்கிவிடும். முகுளம் நாளங்களுக்கு இடும் ஆணையைக் காதால் கேட்பதென்பது இதுதான். நூறு ஆண்டுகளாக அறுத்தும் தூண்டியும் அனுமானித்து வந்த ஒன்று இவ்வாறு பிரத்தியட்சமாயிற்று.

கேட்டவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஒரே வயதும் ஒரே அழுத்தமும் உள்ள ஆரோக்கியமான வாலிபர்களில் ஒருவருக்கு நூறு இருதயத் துடிப்புகளுக்குப் பத்து இருபது வெடிப்புகளும், இன்னொருவருக்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்கும் இருந்தன. வாரங்களும் மாதங்களும் கழித்து அளந்தாலும் அவரவர் எண்ணிக்கை அவரவருக்கு மாறாமல் நின்றது. நரம்பு இத்தனை வேறுபட்டால் அழுத்தமும் வேறுபட வேண்டாமா? அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரிலுள்ள மேயோ மருத்துவமனையில் மைக்கேல் ஜாய்னர், நிஷா சர்க்கூடியன், எம்மா ஹார்ட் முதலியோர் இந்தப் புதிரை விடுவித்தார்கள். நரம்புத் துடிப்பு மிகுந்த வாலிபருக்கு நாளத் தடை அதிகம்; ஆனால் அவருடைய இருதயம் வெளியேற்றும் இரத்தம் குறைவு. துடிப்புக் குறைந்தவருக்குத் தடை குறைவு, வெளியேற்றம் அதிகம். மேலும், துடிப்பு மிகுந்தவரின் நாளங்கள் நோரட்ரினலினுக்கு மந்தமாகவே இறுகின. ஆகவே பெருக்கத்தொகை ஒன்றாகவே வந்தது. தராசின் இரு தட்டுகளும் இவ்வாறு சமன்படுவதைக் கண்டு, மனித சரீரத்தின் பொதுவிதியைக் கண்டுவிட்டதாகவே ஒருவர் நினைத்திருக்கலாம். பரிசோதிக்கப்பட்டவர்கள் ஆண்கள்.

அதே குழுவினர் இளம் பெண்களைப் பரிசோதித்து 2009-இல் வெளியிட்ட முடிவுதான் இந்தத் துறையின் திருப்பம் என்பது என் அபிப்பிராயம். சராசரியாகப் பார்த்தால் இளம் பெண்களின் பரிவு நரம்புத் துடிப்பு ஆண்களுடையதைவிடக் குறைவு. இது முன்பே தெரிந்ததுதான். புதிதாகத் தெரிந்தது வேறு. நரம்புத் துடிப்பு மிகுந்த பெண்ணுக்கு நாளத் தடை அதிகம் என்றோ, குறைந்த பெண்ணுக்குத் தடை குறைவு என்றோ ஒரு தொடர்பே காணப்படவில்லை. ஆணின் சரீரத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த தராசு பெண்ணிடம் இல்லை. நரம்பு ஆணையிடுகிறது; நாளம் அந்த ஆணையை அப்படியே ஏற்று இறுகவில்லை. முகுளத்திலிருந்து தசைநாளம் வரையுள்ள நீண்ட வழியில் எந்த இடத்தில் இந்த ஆணை தன் வலிமையை இழக்கிறது?

விடை நாளத்தின் சுவரிலேயே கிடைத்தது. நோரட்ரினலினை ஏற்கும் வாயில்கள் இரண்டு வகை என்று 1948-இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் பகுத்து, அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார். ஆல்ஃபா ஏற்பிகள் நாளத்தை இறுக்குவன. பீட்டா ஏற்பிகள் அதைத் தளர்த்துவன. ஒரே இரசாயனப் பொருள் இரு வாயில்களையும் தட்டுகிறது; எந்த வாயில் அகலத் திறக்கிறதோ அதைப் பொறுத்து விளைவு அமைகிறது. இளம் பெண்ணின் முன்கைத் தமனியில் நோரட்ரினலினைச் செலுத்தினால் நாளம் ஆணின் நாளத்தைப் போல் இறுகுவதில்லை. பீட்டா வாயிலை அடைக்கும் பிராப்ரனலால் என்ற மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அதே அளவு நோரட்ரினலினைச் செலுத்தினால், முன்பு மந்தமாயிருந்த இறுக்கம் வலுப்படுகிறது. இளம் ஆணிடம் இந்த மருந்தால் அப்படியொரு மாறுதல் ஏற்படவில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணிடமும் ஏற்படவில்லை. இன்னும் ஒரு படி சென்று, இளம் பெண்களின் உடல் முழுவதிலும் பீட்டா வாயிலை அடைத்தபோது, அதுவரை கண்ணுக்குப் புலப்படாதிருந்த தொடர்பு, அதாவது துடிப்பு மிகுந்தவருக்குத் தடையும் மிகுதி என்ற ஆண்களின் விதி, அவர்களிடமும் வெளிப்பட்டது. 2011-இல் வெளியான இந்தச் சோதனையின் எளிமையை நான் மிகவும் வியக்கிறேன். மூன்று கூட்டத்தாரைக் கொண்டு, ஒரு மருந்தால், ஓர் ஆயுட்காலத்து மாறுதலை அது காட்டிவிட்டது.

நரம்பின் பங்கை இன்னொரு வகையாலும் அளந்திருக்கிறார்கள். டிரைமெதஃபான் என்ற மருந்து, முதுகெலும்பின் அருகிலுள்ள நரம்பு முடிச்சுகளில் செய்தி கடப்பதைத் தடுத்து, தன்னியக்க நரம்பு மண்டலம் முழுவதையும் சிறிது நேரம் வாயடைக்கச் செய்யும். அப்போது அழுத்தம் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுதான் நரம்பு தாங்கிக்கொண்டிருந்த சுமை. இவ்வாறு பார்த்தபோது இளம் ஆண்களுக்கு அழுத்தம் மிகுதியாகவும், இளம் பெண்களுக்குக் குறைவாகவும் விழுந்தது. வயது முதிர்ந்த பெண்களிடம் அந்த வீழ்ச்சி, இளம் பெண்களிடம் கண்டதைவிடப் பெரிதாயிற்று. யௌவனத்தில் நரம்பின் தயவை அதிகம் எதிர்பாராமல் நின்ற அழுத்தம், நடுவயதுக்குப் பின் நரம்பின் தோள்மேல் ஏறிக்கொள்கிறது. அதே காலத்தில் நரம்பின் துடிப்பும் சும்மா இருப்பதில்லை. வயது ஏற ஏற இருபாலாருக்கும் துடிப்பு கூடினாலும், பெண்களின் ஏற்றம் வேகமானது. மாதவிடாய் நின்ற பிறகு அது ஆண்களின் அளவை எட்டிப் பிடித்து, சிலரிடம் கடந்தும் விடுகிறது. பீட்டா வாயிலின் தடுப்பு இருந்த காலத்தில் ஆணை மெலிந்திருந்தது. தடுப்புப் போனபின் ஆணை வலுக்கிறது. இரண்டும் ஒரே பத்தாண்டில் வந்து கூடுவதே பெண்ணின் அழுத்தம் அந்தப் பிராயத்தில் ஏறுவதற்குப் பெரிய காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது.

இதைக் கேட்டதும், ஈஸ்ட்ரோஜன் சுரப்பு நிற்பதுதான் மூலகாரணம், அதைத் திரும்பக் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று எண்ணத் தோன்றும். ஈஸ்ட்ரோஜன் நாளங்களின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற தளர்த்தும் வாயுவைப் பெருக்குகிறது என்பதும், முகுளத்தில் அழுத்தச் செய்தி வந்து சேரும் நரம்புக் கருவிலும் ஆணை பிறக்கும் இடத்திலும் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் வாயில்கள் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனாலும் சரீரம் இவ்வளவு நேர்கோட்டில் நடப்பதில்லை. மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குச் சென்று, அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சினின் மூலப்பொருளை அங்கே அதிகமாகச் செய்விக்கிறது. டல்லாஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் காட்டியபடி, தோலில் ஒட்டும் பட்டை வழியாகக் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் மாதவிடாய் நின்ற பெண்களின் பரிவு நரம்புத் துடிப்பைத் தணித்தது. விழுங்கிய மாத்திரை தணிக்கவில்லை. ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பெண்களுக்கு மாத்திரை கொடுத்து நடந்த பெரிய பரிசோதனையில் அழுத்தம் தாழ்வதற்குப் பதிலாகச் சிறிது ஏறியது.

ஆண்களின் சுரப்புநீருக்கும் இதில் பங்குண்டு. இயல்பாகவே உயர் அழுத்தம் உடைய எலியினத்தில் ஆணின் அழுத்தம் பெண்ணினுடையதைவிட உயர்வு. அந்த ஆண் எலியின் விரையை நீக்கிவிட்டால் அழுத்தம் பெண் எலியின் அளவுக்கு இறங்குகிறது. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், கருப்பையருகே சூலகத்தில் நீர்க்கட்டிகள் நிறைந்து டெஸ்டோஸ்டிரோன் மிகுந்திருக்கும் இளம் பெண்களின் பரிவு நரம்புத் துடிப்பு, அந்தக் குறையில்லாத பெண்களுடையதைவிட உயர்ந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். ஆஞ்சியோடென்சினைச் சிதைத்து அதன் வீரியத்தைக் குறைக்கும் நொதி ஒன்றின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் அமைந்திருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் ஒன்றையே கர்த்தாவாக்கி மற்றவற்றை மறப்பது, ஆணையே மனிதனாக்கிப் பெண்ணை மறந்த பழைய பிழையின் இன்னொரு வடிவமாகும்.

பெண்ணின் நரம்பு மண்டலம் ஒரே நிலையில் நிற்பதுமில்லை. மாதச் சக்கரத்தின் பிற்பாதியில், முட்டை வெளிப்பட்ட பின், பரிவு நரம்புத் துடிப்பு தொடக்க நாட்களைவிடக் கூடுகிறது. அழுத்தமோ ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. இதே நிகழ்ச்சி கர்ப்பத்தில் பிரம்மாண்டமாக நடைபெறுகிறது. கருவுற்ற சில வாரங்களிலேயே நரம்பின் துடிப்பு உயரத் தொடங்குகிறது. ஆனால் நாளங்கள் மிகவும் தளர்ந்து, அழுத்தம் கர்ப்பத்தின் நடுப்பகுதிவரை தாழ்ந்தே செல்கிறது. ஆணை உரத்து ஒலிக்க, நாளம் அதற்குச் செவிசாய்க்காமல் குழந்தைக்கு இரத்தம் தாராளமாகப் பாய வழிவிடுகிறது. சரீர சாஸ்திரத்தில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் அறிந்ததில்லை. இந்த ஏற்பாடு குலையும்போது நேர்வது பிரீ எக்ளாம்ப்சியா என்னும் கொடிய நிலை: கர்ப்பத்தின் பிற்பகுதியில் அழுத்தம் ஏறி, சிறுநீரகமும் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு, தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தாகிறது. 1996-இல் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து வைத்தியர்கள் இந்நிலையிலிருந்த சில பெண்களின் கால் நரம்பில் ஊசி வைத்துக் கேட்டபோது, ஆரோக்கியமான கர்ப்பிணிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு துடிப்பு இருந்தது. பிரசவத்துக்குப் பின் அது தணிந்தது. நஞ்சுக்கொடியில் தோன்றும் கோளாறே இந்த நோயின் மூலம் என்று கருதப்படுகிறது. எனினும், தளர்ந்திருக்க வேண்டிய நாளங்கள் ஏன் இறுகின என்பதற்கு நரம்பையும் விசாரிக்காமல் விட முடியாது.

நாளம் எளிதில் இறுகாத இந்த இயல்பு இளம் பெண்ணுக்கு ஒரு கவசம் என்றால், அதற்கு அவள் ஒரு விலையும் கொடுக்கிறாள். படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. உடனே நரம்பு நாளங்களை இறுக்கி, மூளைக்குச் செல்லும் அழுத்தத்தைக் காக்க வேண்டும். பெண்ணின் இருதயம் சராசரியாக ஆணினுடையதைவிடச் சிறியது. திரும்பி வரும் இரத்தம் குறைந்தால் ஒரு துடிப்புக்கு அது வெளியேற்றும் அளவு விரைவில் குன்றுகிறது. இத்துடன் நாளத்தின் இறுக்கமும் மிதமாயிருப்பதால், நின்றுகொண்டே மயங்கி விழுவது இளம் பெண்களிடம் அதிகம். பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் நின்று சரியும் சிறுமியைப் பார்த்து, சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று அதட்டும் ஆசிரியர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். விண்வெளியில் எடையின்றி மிதந்து திரும்பிய அமெரிக்க விண்வெளி வீரர்களிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது. மண்ணில் இறங்கி நிமிர்ந்து நின்றபோது தலைசுற்றலுக்கு ஆளானவர்களில் பெண்களின் விகிதம் மிக அதிகம், அவர்களுடைய நாளத் தடையும் குறைவு என்று 2002-இல் எழுதப்பட்டது. நின்ற பத்து நிமிஷத்துக்குள் இருதயத் துடிப்பு முன்னிருந்ததைவிட நிமிஷத்துக்கு 30-க்கு மேல் கூடி, படபடப்பும் சோர்வுமாக ஆளை முடக்கும் ஒரு நோய்த்தொகுதிக்கு 1993-இல் மேயோ மருத்துவமனையில் பெயரிட்டார்கள். அதனால் வருந்துவோரில் பெரும்பாலோர் பிள்ளைபெறும் பிராயத்துப் பெண்கள். மனக்கோளாறு என்று பல வாசல்களில் திருப்பி அனுப்பப்பட்ட அவர்களுக்கு, டல்லாஸில் சி ஃபூவும் பெஞ்சமின் லிவைனும் படுத்த நிலையிலும் அமர்ந்த நிலையிலும் தொடங்கி மூன்று மாதம் படிப்படியாகக் கூட்டிய உடற்பயிற்சியைக் கொடுத்தார்கள். இருதயம் சற்றே பெருத்தது, இரத்தத்தின் மொத்த அளவு கூடியது, பலருக்கு நோயின் அடையாளங்களே அகன்றன.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்த பின் சில எச்சரிக்கைகளையும் சொல்வது கடமை. கால் நரம்பில் கேட்பது தசைநாளங்களுக்குச் செல்லும் ஆணை மட்டுமே. சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் செல்லும் ஆணை வேறாக இருக்கலாம் என்பதை, மெல்போர்னில் மர்ரே எஸ்லர் கதிரியக்க நோரட்ரினலினைக் கொண்டு உறுப்புக்கு உறுப்பு அளந்து காட்டியிருக்கிறார். ஊசிப் பரிசோதனைக்கு நெடுநேரம் அசையாமல் கிடக்கவேண்டியிருப்பதால் ஒவ்வோர் ஆராய்ச்சியிலும் சிலபத்துப் பேரே சேர்ந்திருக்கிறார்கள். இளம் பெண்களோடு முதிய பெண்களை ஒப்பிட்டிருக்கிறார்களே தவிர, ஒரே பெண்ணை நாற்பதிலிருந்து அறுபதுவரை பின்தொடர்ந்து அவளுடைய நரம்பைக் கேட்டறிந்த பதிவு என் வாசிப்பில் தென்படவில்லை. மருந்துப் பரிசோதனைகளிலும் இன்னும் சமன் வரவில்லை. அழுத்தத்தை 120-க்குக் கீழே இறக்குவது நன்றா என்று கேட்டு 2015-இல் முடிவு வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் சேர்ந்த 9,361 பேரில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினார்கள். மெட்டோபுரோலால் என்ற பீட்டா அடைப்பு மருந்து ஒரே அளவில் கொடுத்தாலும் பெண்ணின் இரத்தத்தில் அதிகமாகத் தேங்குகிறது; ஆஞ்சியோடென்சினைக் குறைக்கும் சில மாத்திரைகளால் வரும் வறட்டு இருமல் பெண்களையே அதிகம் வாட்டுகிறது; அளவும் தேர்வும் மட்டும் பெரும்பாலும் இருவருக்கும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன.

காற்றுப் பட்டையைக் கழற்றும் வைத்தியர் ஐம்பது வயதுப் பெண்ணிடம் இரண்டு கேள்விகளைக் கேட்பதற்கு ஊசியும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம்: கர்ப்பமாயிருந்தபோது எப்போதாவது அழுத்தம் ஏறியதா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது. பிரீ எக்ளாம்ப்சியாவையும் நாற்பதுக்கு முன்னரே மாதவிடாய் நிற்பதையும் இருதய நோயின் அபாயத்தைக் கூட்டும் அடையாளங்களாக அமெரிக்க இருதய சங்கங்கள் 2018-ஆம் ஆண்டின் நெறிமுறையில் பட்டியலிட்டிருக்கின்றன. கேட்கப்படும் பெண்ணுக்கு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பிரசவ அறையில் தன் கால் வீங்கிக் கிடந்ததும், மருத்துவச்சி பதற்றத்தோடு ஓடியதும் நினைவிருக்கும். அதைச் சொல்வதற்குரிய இடம் இது என்றுதான் அவளுக்கு இதுவரை யாரும் தெரிவித்திருக்க மாட்டார்கள்.